பெயர்ப் பலகை யாருக்கு?

2001ம் வருடம். பி.காம். சர்டிபிகேட்டின் மை காய்வதற்குள் ஓர் ஆடிட்டர் ஆபீசில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். முதல் வேலையே ஒரு பாகப்பிரிவினை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை. இரண்டு பார்ட்னர்கள். மூத்தவரின் தங்கையைக் கட்டியவர்தான் இளையவர். அதாவது மச்சானும் மாப்பிள்ளையும். பதினைந்து வருடம் ஒன்றாகத் தொழில் செய்துவிட்டு, ஏதோ ஒரு கல்யாண வீட்டு மனஸ்தாபத்தில் பிரிகிறார்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் மிஷின்களை எண்ணினேன். நாலு லேத், ஒரு டிரில்லிங், ஒரு மில்லிங்.

"மிஷினை நீ நல்லதாப் பார்த்து எடுத்துக்க மாப்ள. போர்டு மட்டும் இங்கயே இருக்கட்டும்" என்றார் மூத்தவர்.

மாப்பிள்ளைக்கு ஏக சந்தோஷம். துருப்பிடித்த தகர போர்டு. எடைக்குப் போட்டால் ஐம்பது ரூபாய் தேறாது. லேத்துகளில் நல்லதாக மூன்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து ஆடிட்டர் ஆபீசுக்கு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. "சார், பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாம் அந்த போர்டைப் பார்த்துத்தான் சார் வருது."

பி.காமில் இதற்கு ஒரு பெயர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குட்வில். சராசரி லாபத்தை இத்தனை வருடத்தால் பெருக்கு, வருவதுதான் குட்வில் என்று சூத்திரம்கூட உண்டு. பரீட்சையில் பத்து மார்க். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

எஸ்டேட் பக்கம் போகிறவர்களுக்கு இன்னோர் உதாரணமும் சொல்லலாம். டன்லப் தொழிற்சாலையின் ஓட்டம் நின்று வருடங்களாகிவிட்டன. பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சரக்கு போனாலும் பெயர் நிற்கும். பெயர் வேறு, சரக்கு வேறு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த வாரம் நாம் பார்க்கப்போவது ஒரு மென்பொருளின் சரித்திரம். யாரும் காசு கேட்காத, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள். இலவசமாகக் கிடைக்கிற பொருளில் என்ன பாகப்பிரிவினை என்று கேட்பீர்கள். அங்கேதான் கதையே. அங்கேயும் சண்டை போர்டுக்குத்தான்.

முதலில் அடிப்படை. ஓர் இணையதளம் நடத்த வேண்டும் என்றால் ஒரு காலத்தில் பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக் கட்ட வேண்டும். ஒரு போன் நம்பரை மாற்றுவதற்குக்கூட விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிட வேண்டும். அந்தத் தொல்லைக்கு மாற்றாக வந்தவைதான் கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்கிற மென்பொருள்கள். கட்டுரையைத் தட்டு, பட்டனை அமுக்கு, பக்கம் தயார். வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அவையெல்லாம் இந்த ஜாதிதான்.

இவற்றை உபயோகிக்கிற அத்தனை பேருக்கும் ஒரே தேவை இருக்காது. ஜவுளிக்கடைக்காரருக்கு பில் போட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அட்மிஷன் படிவம் வேண்டும். எல்லாவற்றையும் மூல மென்பொருளுக்குள்ளேயே திணித்தால் அது பெருத்து வெடித்துவிடும். ஆகவே தேவைப்பட்டதைத் தனியாகச் செய்து ஒட்டிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு. அந்த ஒட்டுச் சாமான்தான் ப்ளக்-இன். சிலர் எக்ஸ்டென்ஷன் என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

சென்னையின் மேற்கு ஓரத்தில் வசிக்கிறவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. பாடியில் பெரிய கம்பெனி, அம்பத்தூரில் பெரிய கம்பெனி, ஆவடியில் டாங்கி செய்கிற ராணுவத் தொழிற்சாலை. அவர்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்வதில்லை. புஷ், பின், பிராக்கெட் என்று நூறு உதிரி சாமான்கள் சுற்றியிருக்கும் சின்னப் பட்டறைகளிலிருந்து வரும். ஆன்சிலரி யூனிட் என்று பெயர். பெரிய கம்பெனி இருப்பதால் பட்டறை பிழைக்கிறது. பட்டறைகள் இருப்பதால் பெரிய கம்பெனி ஓடுகிறது. யாரால் யார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஒரே வித்தியாசம். மென்பொருள் எஸ்டேட்டில் பெரிய கம்பெனியின் வரைபடம் பூராவும் எல்லார் கையிலும் இருக்கும்.

அதற்குக் காரணம் ஒரு பத்திரம். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற அமெரிக்கர் 1989ல் எழுதி வெளியிட்ட ஜிபிஎல் என்னும் லைசென்ஸ். சாரம் இவ்வளவுதான்: இந்த மென்பொருளை எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்று, விற்றாலும் சரி. ஆனால் நீ அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது இதே உரிமைகளை அவனுக்கும் கொடுத்தாக வேண்டும். அதாவது பட்டறையின் மிஷின்களை யார் வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். தூக்கிய பிறகு மூத்தவரிடமும் மிஷின் அப்படியே இருக்கும். அட்சய பாத்திரம்.

இந்தப் பத்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு முதல் உதாரணம், காணாமல் போன ஒரு மனிதர்.

மிஷெல் வால்ட்ரிகி. பிரான்சைச் சேர்ந்த கோர்சிகா தீவுக்காரர். 2001ல் பி2 என்று ஒரு சின்ன மென்பொருள் எழுதினார். வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்கானது. லைசென்ஸ், ஜிபிஎல். கொஞ்சம் பேருக்குப் பிடித்துப்போய் உபயோகிக்க ஆரம்பித்தார்கள். 2002 கடைசியில் மனிதரிடமிருந்து சத்தமே இல்லை. திருத்தம் இல்லை, பதில் இல்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் மாட் முல்லன்வெக் என்று 19 வயதுப் பையன் இதே மென்பொருளை வைத்திருந்தான். 2003 ஜனவரியில் ஒரு நாள் புலம்பினான். இந்த மென்பொருள் அநாதையாகிவிட்டது, ஆனால் லைசென்ஸ் இருக்கிறதே, நாமே எடுத்து நடத்தினால் என்ன? மறுநாள் இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவரிடமிருந்து ஒரு பதில். நீ சீரியஸாகச் சொல்கிறாய் என்றால் நானும் வருகிறேன்.

அவ்வளவுதான் கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன். 2003 மே 27ம் தேதி முதல் வெளியீடு. வெர்ஷன் 0.7. வேர்ட்பிரஸ் என்ற பெயரைக் கொடுத்தது கிறிஸ்டின் செலக் ட்ரெமுலே என்கிற தோழி. பிற்பாடு வால்ட்ரிகியே திரும்பி வந்து, இதுதான் என் பி2வின் வாரிசு என்று ஆசீர்வாதம் செய்தார். மிஷின் போனது, போர்டு போகவில்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை. உலகத்தில் இவ்வளவு சுமுகமாகப் பாகம் பிரிந்த குடும்பம் அபூர்வம்.

2004 மே மாதம் வெளியான வெர்ஷன் 1.2தான் திருப்பம். ப்ளக்-இன் வசதி அதில்தான் வந்தது. வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் சுவரில் அங்கங்கே பாயிண்ட் விட்டு வைப்பார் இல்லையா? நாளைக்கு ஃபேன் மாட்டுவீர்களோ, ஏசி மாட்டுவீர்களோ, அவருக்குத் தெரியாது. பாயிண்ட் இருக்கும். அதேதான். நிரலின் முக்கியமான இடங்களில் ஒரு கணம் நின்று, இங்கே யாராவது ஏதாவது செய்ய வேண்டுமா என்று மென்பொருள் கேட்கும். ப்ளக்-இன் இருந்தால் அது தன் வேலையைச் செய்யும். இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடும். சுவரை உடைக்க வேண்டாம்.

முதல் ப்ளக்-இன்னின் பெயர் ஹலோ டாலி. நிர்வாகப் பக்கத்தின் மூலையில் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பாடிய பாட்டிலிருந்து ஏதாவது ஒரு வரியைக் காட்டும். வேறு ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆனால் பத்து இருபது வரியில் ஒட்டுச் சாமான் செய்யலாம் என்பதை அது ஊருக்குக் காட்டிவிட்டது.

அதே மே மாதத்தில் எதிர்க்கடையும் ஓர் உதவி செய்தது. அப்போது வலைப்பதிவர்கள் மத்தியில் பிரபலமாக இருந்தது மூவபிள் டைப் என்கிற மென்பொருள். அதன் நிரலைப் பார்க்கலாம், ஆனால் சொந்தக்காரர் கம்பெனிதான். புதிய வெர்ஷனுக்கு இத்தனை வலைப்பதிவு, இத்தனை எழுத்தாளர் என்று கணக்குப் பார்த்து விலை வைத்தார்கள். விலை வைத்தது தப்பில்லை. நேற்றுவரை சும்மா கிடைத்ததற்கு இன்றைக்கு பில் வந்ததுதான் கோபம். கூட்டம் கூட்டமாக வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறினார்கள். குடிவந்தவர்களில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய ப்ளக்-இன்களைத் தாங்களே செய்துகொண்டார்கள். செய்ததைப் பொதுவில் வைத்தார்கள். எஸ்டேட் நிரம்ப ஆரம்பித்தது.

ஆச்சா? இது சுமுகமான கதை. அடுத்தது சுமுகமில்லாதது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மிரோ என்று ஒரு கம்பெனி. அவர்கள் செய்த மென்பொருள் மாம்போ. 2001ல் அதை ஜிபிஎல் லைசென்ஸில் பொதுவுக்குக் கொடுத்தார்கள். பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்து, சம்பளமில்லாமல் அதை வளர்த்தார்கள். மாம்போவுக்கென்று ஒட்டுச் சாமான் செய்கிறவர்கள் தனிக் கூட்டமாகப் பெருகினார்கள்.

2005 ஆகஸ்டில் மாம்போவுக்காக ஓர் அறக்கட்டளை அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம்தானே? ஆனால் எங்களை முறையாகக் கலக்கவில்லை, கட்டுப்பாடு கம்பெனி பக்கம் சாய்கிறது என்றார்கள் நிரல் எழுதிய முக்கியஸ்தர்கள். ஆகஸ்ட் 17ம் தேதி ஒட்டுமொத்தமாக வெளிநடப்பு. தனிக்குடித்தனம்.

நிரலை எடுத்துப் போக யார் அனுமதியும் வேண்டாம். ஜிபிஎல் இருக்கிறது. போர்டு? மாம்போ என்ற பெயர் பழைய வீட்டோடு தங்கிவிட்டது. ஆகவே புதிதாகப் பெயர் தேடினார்கள். செப்டம்பர் முதல் தேதி அறிவித்தார்கள். ஜூம்லா. எல்லோரும் ஒன்றாக என்று பொருள் தரும் ஸ்வாஹிலி மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. அந்த மாதம் நடுவிலேயே ஜூம்லா 1.0 வெளியாகிவிட்டது. உள்ளே இருந்தது கிட்டத்தட்ட மாம்போவின் சரக்கேதான்.

இப்போது ஒட்டுச் சாமான் செய்கிறவனின் நிலைமையை யோசியுங்கள். நேற்றுவரை ஒரே வாடிக்கை. இன்றைக்கு இரண்டு வீடு. எந்த வீட்டுக்கு அளவெடுப்பது? பெயர் அங்கே, ஆட்கள் இங்கே. பெரும்பாலானவர்கள் ஆட்கள் பின்னால் போனார்கள். சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிறவன், பிழை இருந்தால் திருத்துகிறவன் எங்கே இருக்கிறானோ அங்கே போவதுதானே புத்திசாலித்தனம்? சில வருடங்களில் மாம்போ மங்கி, மறந்தே போனது. போர்டு மட்டும் மிச்சமிருந்த வீடு.

மாப்பிள்ளையும் பிழைத்துக்கொண்டார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவரோடு இரண்டு பழைய டர்னர்கள் போயிருந்தார்கள். அளவு சுத்தமாக இருக்கும். ஒரு வருடத்தில், வேலை அவர் பட்டறையில்தான் நன்றாக வருகிறது என்று கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. குட்வில் என்பது தகரத்தில் இல்லை, அந்த டர்னர்களின் கையில் இருந்திருக்கிறது. சூத்திரத்தில் இதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

ஆனால் ஒட்டுச் சாமான்காரனுக்கு இன்னொரு பிரச்னை உண்டு. அவன் செய்த சாமான் அவனுடையதா? ஜிபிஎல் மென்பொருளோடு பிணைந்து ஓடுவதால் இதுவும் ஜிபிஎல்லாகத்தான் இருக்க வேண்டுமா? 2007ல் ஜூம்லா தரப்பு ஆமாம் என்றது. பூட்டு போட்டு எக்ஸ்டென்ஷன் விற்றுக்கொண்டிருந்தவர்கள் குமுறினார்கள். 2009 ஜூலை முதல், ஜூம்லாவின் அதிகாரபூர்வ எக்ஸ்டென்ஷன் பட்டியலில் ஜிபிஎல் சரக்குக்கு மட்டுமே இடம் என்று ஆனது. விற்கலாம். ஆனால் வாங்கியவன் அதை நகலெடுத்து ஊருக்கே கொடுத்தாலும் கேட்க முடியாது. பிறகு எதை வைத்துப் பிழைப்பது? சர்வீஸ், அப்டேட், நம்பிக்கை. மறுபடி குட்வில்.

அப்படிப் பிழைக்க முடியுமா என்றால், முடியும். புனேயின் ஒரு நிறுவனம் செய்த அஸ்ட்ரா என்கிற வேர்ட்பிரஸ் வார்ப்பு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் உட்கார்ந்திருக்கிறது. இலவசம் ஒன்று, காசுக்கு ஒன்று என்கிற கணக்கு.

காசே வராத ஒரு கதையும் இருக்கிறது. நமக்கு ரொம்பப் பக்கத்துக் கதை.

விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். அதுவும் ஓப்பன் சோர்ஸ், அதற்கும் ஒட்டுச் சாமான்கள் உண்டு. 2003ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது, எழுத ஆசையுள்ளவர்களைத் தடுத்த முதல் சுவர் விஷய ஞானம் அல்ல. கீ-போர்டு. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் அந்த கம்ப்யூட்டரில் தமிழ் எழுத ஒன்றும் இருக்காது. இறக்கி நிறுவ கடைக்காரர் விடமாட்டார்.

மலையாள விக்கிப்பீடியாவில் இயங்கிய ஜுனைத் என்பவர் இதற்கு ஒரு எக்ஸ்டென்ஷன் செய்தார். பெயர் நாராயம். மலையாளத்தில் ஓலையில் எழுதும் எழுத்தாணிக்கு அதுதான் பெயர். கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டாம். பக்கத்திலேயே வசதி இருக்கும். அம்மா என்று வருவதற்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழில் விழும். 2011ல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்கள் பலவற்றுக்கும் வந்து சேர்ந்தது. தமிழுக்கும்தான். மலையாளத்துக்காகச் செய்த எழுத்தாணி, உறவுக்கார மொழிகளுக்கெல்லாம் மை தொட்டுக் கொடுத்தது.

2013ல் நாராயத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். விக்கிமீடியாவின் மொழிப் பொறியியல் குழு, அதன் வேலையை இன்னும் பெரிய எக்ஸ்டென்ஷன் ஒன்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. தமிழ்99 உட்பட பல விசைப்பலகைகள் அதற்குள் உண்டு. அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் கேரளத்தின் சந்தோஷ் தோட்டிங்கல். இங்கே போர்டு கழற்றப்பட்டது, சரக்கு தொடர்ந்தது, யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. இன்றைக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பிழையைத் திருத்த அந்த வசதியைத் தொடுகிறவருக்கு நாராயம் என்ற சொல்லே தெரிந்திருக்காது. டன்லப்புக்கு நேர் தலைகீழ்.

இப்படியே முடிந்திருந்தால் மங்களம் பாடிவிடலாம். 2024 வந்தது.

அதற்குள் வேர்ட்பிரஸ் எங்கேயோ போய்விட்டது. உலகத்தின் இணையதளங்களில் பத்துக்கு நாலுக்கும் மேல் அதில் ஓடுகின்றன. மாட் முல்லன்வெக் இப்போது பையன் இல்லை, நாற்பது வயது முதலாளி. அவருக்கு ஆட்டோமேட்டிக் என்று கம்பெனி. இன்னொரு பக்கம் டபிள்யூபி எஞ்சின் என்று வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் போட்டிக் கம்பெனி.

செப்டம்பரில் மாட் அவர்களைப் புற்றுநோய் என்றார். பொதுச் சொத்தில் சம்பாதிக்கிறார்கள், திருப்பிக் கொடுப்பது சொற்பம், எங்கள் பெயரை வைத்து வாடிக்கையாளரைக் குழப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பெயரை உபயோகிக்க வருமானத்தில் 8 சதவிகிதம் கேட்டார். அது மிரட்டிப் பணம் பறிப்பது என்று சொல்லி, அக்டோபர் 2ம் தேதி அவர்கள் கலிபோர்னியா கோர்ட்டுக்குப் போனார்கள்.

இரண்டு முதலாளி சண்டை என்று விட்டுவிடலாம். ஆனால் அடி விழுந்தது ஒட்டுச் சாமான் மேல். அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று ஒரு ப்ளக்-இன். ஆஸ்திரேலியாவில் எலியட் காண்டன் என்ற தனி மனிதர் ஆரம்பித்தது. கை மாறி 2022ல் டபிள்யூபி எஞ்சினிடம் வந்திருந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. அக்டோபர் 12ம் தேதி, வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரபூர்வ பட்டியலில் அது இருந்த அதே முகவரியில், வேறு பெயரில் அதன் நகல் உட்கார்ந்திருந்தது. பாதுகாப்புக் குறை, விதிமுறை என்று காரணம் சொன்னார்கள். வழக்கமான அப்டேட் என்று நினைத்து ஏற்றவர்களுக்கு வேறு கை செய்த சாமான் வந்து இறங்கியது.

நிரலை நகலெடுத்தது தப்பா? ஜிபிஎல் அனுமதிக்கிறது. மாட் 2003ல் செய்ததும் அதுதான். ஜூம்லா செய்ததும் அதுதான். ஆனால் அவர்கள் புது போர்டு மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனார்கள். இது, மாப்பிள்ளையின் புதுப் பட்டறையில் ராத்திரியோடு ராத்திரியாக மச்சான் வந்து உட்கார்ந்துகொண்டு, வருகிற பர்ச்சேஸ் ஆர்டரை வாங்கிக்கொண்ட கதை.

அப்போதுதான் பலருக்கு உறைத்தது. வேர்ட்பிரஸ் என்ற பெயர் 2010ல் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் ப்ளக்-இன்கள் அத்தனையும் இறங்கிவரும் அந்த முகவரி அறக்கட்டளையுடையது அல்ல. மாட்டின் தனிச் சொத்து. இருபது வருடமாக ஊரே சேர்ந்து கட்டிய எஸ்டேட்டின் கேட் சாவி ஒருவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அவர் நல்லவராக இருந்தவரை யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 10ம் தேதி கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது. ப்ளக்-இன் அதன் பழைய கைக்கே திரும்பியது. டபிள்யூபி எஞ்சினோடு எனக்குச் சம்பந்தமில்லை என்று டிக் அடித்தால்தான் உள்ளே விடுவோம் என்று வாசலில் வைத்திருந்த கட்டத்தையும் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார்கள். அந்த இடத்தில், பீட்சாவில் அன்னாசிப்பழம் ருசியாக இருக்கும் என்பதற்கு டிக் அடிக்கச் சொன்னார்கள். நான் கிண்டல் செய்யவில்லை. நிஜம். மெயின் வழக்கு அதன் பிறகும் நீண்டது.

பட்டறைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2025 ஜூனில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் ஃபேர் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். ப்ளக்-இன்கள் ஒரே வாசல் வழியாக வர வேண்டாம், பல வாசல் இருக்கட்டும் என்பது யோசனை. அது நிலைக்கிறதா என்பது வேறு விஷயம். கேள்வி சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்பதுதான் முக்கியம்.

ஸ்டால்மன் எழுதிய பத்திரம் மிஷின்களைக் காப்பாற்றியது. இத்தனை வருடத்தில் ஒருவராலும் நிரலைப் பூட்ட முடியவில்லை. ஆனால் பெயருக்கும் முகவரிக்கும் அந்தப் பத்திரத்தில் வழி இல்லை. சம்பளமில்லாமல் உழைத்த ஆயிரக்கணக்கான கைகள் சேர்த்த குட்வில் கடைசியில் அவற்றில்தான் போய்ப் படிகிறது. ஆகவே ஒரு பொதுக் காரியத்துக்குத் தோள் கொடுக்கிறவர்கள், அது மென்பொருளோ, வாசகசாலையோ, கோயில் திருப்பணியோ, முதல் நாளே கேட்டுவிட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. போர்டு யார் பெயரில்? சாவி யாரிடம்?

அன்றைக்கு மாப்பிள்ளை கேட்காமல் விட்டார். பின்னால் ஒரு நாள் பேச்சோடு பேச்சாக அவரிடம், புது போர்டில் ஏன் உங்கள் பெயரைப் போடவில்லை என்றேன். அந்த இரண்டு டர்னர்களின் பெயரிலிருந்து ஒவ்வோர் எழுத்தை எடுத்துத்தான் பட்டறைக்குப் பெயர் வைத்திருந்தார்.

"அவங்க கிளம்பிட்டா போர்டை வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது?" என்றார்.

பத்து மார்க் கேள்விக்கு அவ்வளவு சின்ன விடையை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.